ஆராய்ச்சிப் படிப்பு வீண்போவதில்லை: ஆய்வகத்தில் கற்ற திறனை வேறு தொழிலுக்குக் கொண்டுசெல்வது எப்படி?

"மகன் பிஎச்.டி முடித்து இரண்டு வருடமாகிறது, இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை." "மகள் எம்.எஸ்ஸி-யில் முதலிடம் வாங்கினாள், நிக்காஹ்வுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறாள்." இந்தப் பேச்சை நம் வீட்டு விசேஷங்களில் அடிக்கடி கேட்கிறோம். கூடவே, "இத்தனை வருடம் படித்ததெல்லாம் வீண்தானா?" என்ற கேள்வியும் வரும். படித்தவருக்கு அது இன்னும் வலிக்கும்.

சென்னை புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்றவற்றிலிருந்து அறிவியல் முதுகலையும் ஆராய்ச்சியும் முடித்து நம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது கல்லூரிப் பேராசிரியர் பணி ஒன்றுதான். அந்த ஒரு வாசல் திறக்காவிட்டால் வேறு வழியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஆராய்ச்சியில் பழகிய வேலைமுறைக்குத் தேவை உள்ள தொழில்கள் பல இருக்கின்றன. அவை எவை, எப்படித் தயாராவது, குடும்பம் எப்படித் துணை நிற்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இன்றைய நிலை

சி.எஸ்.ஐ.ஆர்-யு.ஜி.சி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாயும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. வீட்டு வாடகைப் படி தனி. இது கிடைத்தவர்களுக்கு ஆய்வுக் காலம் ஓரளவு நிம்மதியாகக் கழியும். கிடைக்காதவர்கள் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே ஆய்வை முடிக்கிறார்கள். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009-ல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் நம் குடும்பங்கள் மீது விழும் செலவு கூடியிருக்கிறது.

யு.ஜி.சி-யின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி-க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். முடிக்கும்போது பலருக்கு முப்பது வயது தாண்டிவிடும். நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் எப்போதாவதுதான் நிரப்பப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துபவர்கள் ஏராளம். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் தேர்ச்சியே போதும், பிஎச்.டி கட்டாயமில்லை என்று யு.ஜி.சி அறிவித்துவிட்டதால் போட்டியும் அதிகம். ஆகவே ஆராய்ச்சியில் சேரும் நாளிலேயே இரண்டாவது வழி ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சி உண்மையில் எதைக் கற்றுத்தருகிறது?

நம் பிள்ளைகளிடம் "என்ன தெரியும்?" என்று கேட்டால் ஆய்வுத் தலைப்பைச் சொல்வார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் வேதிப்பொருள், நானோ துகள், ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா என்று பதில் வரும். வேலை கொடுப்பவருக்கு அந்தத் தலைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. அந்தத் தலைப்பில் வேலை செய்தபோது பழகிய திறன்கள்தான் தேவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

• நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துச் சாரம் எடுத்தது: காப்புரிமைத் தேடல், சந்தை ஆய்வு, மருத்துவ எழுத்துப் பணிகளின் அடிப்படை இதுவே.

• சோதனையைத் திட்டமிட்டு, ஒப்பீட்டுக்குக் கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்தியது: மருந்துப் பரிசோதனை, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றில் தினமும் செய்யும் வேலை.

• அளவீடுகளைச் சேர்த்து, பிழையைக் கணக்கிட்டு, வரைபடமாக்கியது: தரவு பகுப்பாய்வு.

• ஆய்வகக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதியது: மருந்து, உணவு நிறுவனங்கள் தணிக்கையில் கேட்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

• இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ரசாயனம் வாங்கக் கணக்குப் போட்டது, கருவி பழுதானபோது சமாளித்தது: இவையெல்லாம் நிர்வாகத் திறன்.

இன்னொன்றும் உண்டு. பத்து முறை தோற்ற சோதனையைப் பதினோராவது முறை எங்கே தவறு என்று பார்த்துத் திருத்தும் பொறுமை. இது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

துறை மாறியவர்கள்

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதன் பிறகு உயிரியலில் ஆர்வம் வந்தது. கிடைத்த பட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அமெரிக்காவில் உயிரியல் மாணவராக மறுபடி சேர்ந்தார். அங்கே பேராசிரியர் பணிக்குப் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்காமல் அரசு ஆய்வகங்களில் பணியாற்றினார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது.

ராமேஸ்வரத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலிருந்தும் ஒரு நிகழ்வைச் சொல்லலாம். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான கலப்புப் பொருள் அவருடைய குழுவின் கையில் இருந்தது. போலியோ பாதித்த குழந்தைகள் சுமார் 3 கிலோ எடையுள்ள உலோகக் காலணிச் சட்டத்தை இழுத்துக்கொண்டு நடப்பதை ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் அவர் பார்த்தார். அதே பொருளைக் கொண்டு சுமார் 300 கிராம் எடையில் மாற்றுச் சட்டம் செய்யப்பட்டது. தன் வாழ்வில் மிகுந்த மகிழ்ச்சி தந்த பணிகளில் ஒன்றாக அவர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஹங்கேரியில் பிறந்த கேத்தலின் கரிகோ, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கத்தைச் சந்தித்தவர். 2013-ல் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தை 2008-ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் துருக்கி வம்சாவளி மருத்துவ ஆய்வாளர்களான உகுர் ஷாஹினும் அவர் மனைவி ஓஸ்லெம் துரேஜியும். கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வுக்காகக் கரிகோ 2023-ல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லோரும் நோபல் வாங்கப் போவதில்லை. இவர்கள் இடம் மாறியபோது முன்பு கற்றதைத் தூக்கி எறியாமல் கூடவே எடுத்துப் போனார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

எந்தெந்தத் தொழில்கள்?

1. காப்புரிமைத் துறை

அறிவியல் படித்தவர்களுக்கு மிகப் பொருத்தமான துறை. நம் பகுதியில் பலருக்கு இதைப் பற்றித் தெரியாது. புதிய கண்டுபிடிப்புக்கு அரசு 20 ஆண்டுகள் வழங்கும் தனியுரிமைதான் காப்புரிமை. அதற்கான விண்ணப்பத்தை எழுத அறிவியலும் தெரிந்திருக்க வேண்டும், சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன்படி காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய, இந்தியக் குடிமகனாகவும் 21 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். சட்டப் படிப்பு கட்டாயமில்லை. தகுதித் தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்களும் ஒரு நேர்முகத் தேர்வும் உண்டு. எழுத்துத் தாள் ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 50, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்பதைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று சென்னை கிண்டியில் உள்ளது.

தேர்வு எழுதும் முன்பே காப்புரிமைத் தேடல் பணியில் சேரலாம். ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று உலகெங்கும் உள்ள பழைய ஆவணங்களில் தேடிச் சொல்வது இந்த வேலை. பிஎச்.டி-க்குச் செய்த இலக்கியத் தேடலின் மறு உருவம்தான் இது. கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் ஆகிய தளங்களில் இலவசமாகத் தேடிப் பழகலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைபோ இலவச அடிப்படைப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது.

இப்போது ஆய்வில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டுமானால், கட்டுரையாக வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு அது 'புதியது' என்ற தகுதியை இழக்கக்கூடும்.

2. மருந்துப் பரிசோதனையும் மருந்துப் பாதுகாப்பும்

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், விலங்கியல், மருந்தியல் படித்தவர்களுக்கு ஏற்றது. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது, 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளைப் பின்பற்ற வேண்டும். கடுமையான பாதிப்பு ஒன்று ஏற்பட்டால் பரிசோதனை நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தப் பதிவுகளைச் சரிபார்ப்பது, மருத்துவமனையையும் நிறுவனத்தையும் ஒருங்கிணைப்பது ஆகியவை பரிசோதனை ஒருங்கிணைப்பாளரின் வேலை.

சந்தைக்கு வந்த மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது மருந்துப் பாதுகாப்புப் பணி. இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கியது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதன் தேசிய மையம். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை நகரங்களில் தனியார் நிறுவனங்கள் இந்தப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. பக்கவிளைவு அறிக்கையைப் படித்து, மருந்துதான் காரணமா என்று ஆராய்ந்து, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். கவனமும் நேர்மையும் இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. ஒரு தவறான பதிவு எங்கோ ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடிவிடும்.

3. தரவு பகுப்பாய்வு

இயற்பியல், கணிதம், புள்ளியியல் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் போவது இந்தத் துறைக்கு. கலங்கலான அளவீடுகளிலிருந்து உண்மையான போக்கைப் பிரித்தெடுப்பதுதான் இங்கும் வேலை. வங்கி, மருத்துவமனை, இணைய வணிகம் என எல்லா இடத்திலும் இதற்கு ஆள் தேவை. கூடுதலாகக் கற்க வேண்டியவை பைத்தான் அல்லது ஆர் மொழி, தகவல் தளங்களைக் கையாளும் எஸ்.கியூ.எல், நல்ல புள்ளியியல். ஐ.ஐ.டி-கள் நடத்தும் என்.பி.டி.இ.எல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

சான்றிதழை விடச் செய்துகாட்டிய வேலைக்கு மதிப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் பெண்களிடையே ரத்தசோகை எப்படி இருக்கிறது என்று பக்கத்து மாவட்டங்களோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் காட்ட ஒரு பொருள் கிடைத்துவிடும், ஊருக்கும் பயன்படும்.

4. உணவுப் பரிசோதனையும் ஹலால் சோதனையும்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு உணவுத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் உள்ளிட்ட பட்டங்களும் வேதியியல் முதுகலையும் தகுதியாக ஏற்கப்படுகின்றன. தனியார் ஆய்வகங்களிலும் வாய்ப்பு உண்டு.

நம் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பிரிவு ஹலால் சோதனை. ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது, இறைச்சியில் பன்றியின் மரபணு கலந்திருக்கிறதா என்பதை பி.சி.ஆர் முறையில் கண்டறிகிறார்கள். உணவுப் பொருளில் உள்ள ஆல்கஹால் அளவை வாயு நிறப்பிரிகை முறையில் அளக்கிறார்கள். நம் பிள்ளைகள் கல்லூரி ஆய்வகத்தில் இந்தக் கருவிகளில்தான் பழகியிருக்கிறார்கள். இத்தகைய வேலை தேடுபவர்கள் ஆய்வகங்களின் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ 17025 விதிமுறையைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

5. மற்ற வழிகள்

மருத்துவ, அறிவியல் எழுத்துப் பணி வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, ஆங்கிலம் நன்றாக எழுதுபவர்களுக்கு உகந்தது. ஆய்வகக் கருவி விற்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளருக்குக் கருவியை இயக்கிக் காட்டவும் பயிற்சி தரவும் ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர்களைத் தேடுகின்றன. தடய அறிவியல், புவியியல் துறைகளில் அரசுத் தேர்வுகள் வழியாக வாய்ப்பு உண்டு.

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புபவர்களுக்கு மத்திய அரசின் பைராக் நிறுவனம் உயிரித் தொழில்நுட்ப யோசனைகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. வண்டலூர் கிரசென்ட் கல்வி நிறுவனத்திலும் புதிய நிறுவனங்களை வளர்க்கும் மையம் செயல்படுகிறது.

இடைவெளி விழுந்த பெண்களுக்கு

திருமணம், பிரசவம், கணவரின் வெளிநாட்டு வேலை என்று நம் பெண்கள் படிப்பை நடுவில் விடுவது அதிகம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்:

யு.ஜி.சி விதிப்படி பெண்களுக்குப் பிஎச்.டி முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆய்வுக் காலத்தில் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு எடுக்கலாம். திருமணத்தால் ஊர் மாற நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. "நிக்காஹ் ஆகிவிட்டது, இனி முடிக்க முடியாது" என்று முடிவெடுக்கும் முன் பல்கலைக்கழகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் பெண்களுக்கான பிரிவுகள் உள்ளன. அதில் வைஸ்-ஐ.பி.ஆர் என்ற பிரிவு, அறிவியல் படித்த பெண்களுக்கு அறிவுசார் சொத்துரிமைத் துறையில் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி அளிக்கிறது. முன்பு இது பெண் விஞ்ஞானிகள் திட்டத்தின் 'சி' பிரிவாக இருந்தது. அதில் பயின்று காப்புரிமை முகவர்களானவர்கள் பலர். காப்புரிமைத் தேடலும் விண்ணப்பம் எழுதுவதும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை என்பதால் குழந்தை வளர்ப்போடு இணைத்துச் செய்ய முடிகிறது.

பயோடேட்டாவை மாற்றி எழுதுங்கள்

பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பத்துப் பக்கப் பயோடேட்டாவை நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் போதும். கட்டுரைத் தலைப்புகளைக் கடைசியில் போட்டு, செய்த வேலையை முதலில் எழுதுங்கள்.

"மூலிகைச் சாற்றின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் குறித்த ஆய்வு" என்று எழுதினால் மனிதவள அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "நான்கு ஆண்டுகள் சோதனைகளைத் திட்டமிட்டு நடத்தினேன், எச்.பி.எல்.சி கருவியை நானே இயக்கிப் பராமரித்தேன், முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து அறிக்கை எழுதினேன், மூன்று முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தேன்" என்று எழுதினால் உடனே புரியும். செய்யாததை எழுத வேண்டாம். நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோரும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒப்பிடாதீர்கள். பட்டப்படிப்போடு துபாய்க்குப் போன ஒன்றுவிட்ட சகோதரன் ஏழு ஆண்டுகளாகச் சம்பாதிக்கிறான் என்பது உண்மைதான். ஆராய்ச்சி முடித்தவர் தாமதமாகத் தொடங்குகிறார் என்பதும் உண்மைதான். அதைத் தினமும் சொல்லிக்காட்டுவதால் வேலை கிடைத்துவிடாது.

இரண்டாவது, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அவகாசம் கொடுங்கள். புதிய துறையில் தொடக்கச் சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம். "டாக்டர் பட்டம் வாங்கியவன் இந்தச் சம்பளத்துக்கா?" என்று தடுக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அனுபவத்துக்காக.

மூன்றாவது, ஏமாறாதீர்கள். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று சொல்லி மருந்துப் பரிசோதனைப் படிப்புக்கும் தரவு அறிவியல் படிப்புக்கும் லட்சக்கணக்கில் வாங்கும் மையங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன், அங்கே படித்து இப்போது வேலையில் இருக்கும் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். இலவசப் பாடங்களை ஒரு மாதம் படித்துப் பார்த்து, பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு செலவு செய்யுங்கள்.

நான்காவது, ஊர் ஜமாஅத்தும் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கங்களும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வழிகாட்டி முகாம் நடத்துகின்றன. அதில் ஒரு மணி நேரத்தை முதுகலை, ஆராய்ச்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கலாம். துறை மாறி வேலையில் இருக்கும் நம்மவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னாலே பலருக்கு வழி பிறக்கும்.

முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டியது

முதல் மாதம்: ஆய்வுக் காலத்தில் செய்த வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். கருவி, மென்பொருள், எழுதிய அறிக்கை, நடத்திய வகுப்பு எதையும் விடாதீர்கள். மேலே சொன்ன துறைகளில் எதற்கு இவை பொருந்துகின்றன என்று பார்த்து இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் மாதம்: அந்தத் துறைகளில் வேலை செய்யும் மூன்று பேரிடம் பேசுங்கள். வேலை கேட்காதீர்கள். தினமும் என்ன செய்கிறார்கள், எது கடினம், எதைப் படிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஓர் இலவசப் பாடத்தைத் தொடங்குங்கள்.

மூன்றாம் மாதம்: ஒரு சிறிய வேலையைச் செய்து முடியுங்கள். ஒரு காப்புரிமைத் தேடல் அறிக்கை, ஒரு தரவு ஆய்வு, ஒரு மருத்துவக் கட்டுரையின் எளிய சுருக்கம் எதுவானாலும் சரி. அதோடு புதிய பயோடேட்டாவை இணைத்து விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

முதல் பத்து விண்ணப்பங்களுக்குப் பதில் வராமல் போகலாம். எங்கே குறை என்று பார்த்து, திருத்தி, பதினோராவதை அனுப்புங்கள். சோதனை தோற்றபோது ஆய்வகத்தில் நீங்கள் செய்ததும் இதைத்தான்.